வேரிழை எங்கே?

(புழல் குறுவள மையத்தில் அறிவியல் ஆசிரியர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்த மேசையில் ஐந்து பாலித்தீன் கவர்கள் இருக்கின்றன. உள்ளே ரொட்டித் துண்டு. வாயை ஒட்டி, அதன்மேல் இன்னொரு கவர் போட்டு ஒட்டியிருக்கிறேன். யாரும் திறக்க வேண்டாம். என்ன என்று கடைசியில் சொல்கிறேன்.

பேச அழைத்தபோது, பிடித்த பாடப்பகுதி எதுவானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். நான் பூஞ்சையை எடுத்துக்கொண்டது பிடித்ததால் அல்ல, ஒரு பழைய கடன் இருப்பதால்.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு ஒன்பதாம் வகுப்பில் ரொட்டிப் பூஞ்சை நடத்தினேன். ரொட்டியை நனைத்து மூடி வைத்தோம். நான்கு நாளில் சாம்பல் நிறப் பஞ்சுபோல் வளர்ந்தது. பள்ளியில் இருந்த ஒரே நுண்ணோக்கியில் வரிசையாகப் பார்க்கச் சொன்னேன். பார்த்ததைச் செய்முறைப் பதிவேட்டில் வரைய வேண்டும். ஒரு மாணவியின் படத்தில் காம்பு இருந்தது, உச்சியில் உருண்டைத் தலை இருந்தது, ஒரு காம்பு இரண்டாகக் கிளைத்திருந்தது. அடியில் மட்டும் எதுவும் இல்லை. நம் புத்தகத்து ரைசோபஸ் படத்தில் காம்பின் அடியில் வேர்போல ஒரு கொத்து இருக்கும். நான் சிவப்பு மையில் எழுதினேன்: "வேரிழை எங்கே? புத்தகத்தைப் பார்த்து வரையவும்."

"மிஸ், நான் பாத்ததுல வேரே இல்ல மிஸ்" என்றாள். "சரியாப் பாத்திருக்க மாட்ட, அழிச்சிட்டு வரை" என்றேன். அழித்தாள். வேர் போட்டாள். கையெழுத்துப் போட்டேன்.

அந்தப் பெண் பிறகு மருத்துவ ஆய்வக நுட்பநர் படிப்பு முடித்து, ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் சேர்ந்தாள். 2021 ஜூன் மாதம் ஓர் இரவு கூப்பிட்டாள். அப்போது நாடு முழுவதும் கருப்புப் பூஞ்சை என்ற பெயர்தான் எல்லார் வாயிலும். அதற்கு முந்தைய மாதம்தான் நம் மாநிலத்தில் அதை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்திருந்தார்கள். கொரோனாவிலிருந்து மீண்டவர்கள், குறிப்பாக இரத்தச் சர்க்கரை கட்டுப்படாமல் ஸ்டீராய்டு மருந்தும் எடுத்தவர்கள், முகம் வீங்கி, கண் துருத்தி, மூக்கில் கருத்த பொருக்கோடு வந்துகொண்டிருந்தார்கள். அவள் நாள் முழுக்க அவர்களுடைய மூக்குத் திசுவை ஸ்லைடில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேசி முடிக்கிற நேரத்தில் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "மிஸ், அன்னைக்கு நான் வரைஞ்சது மியூக்கரா இருந்திருக்கும் மிஸ். மியூக்கருக்கு வேரிழை கிடையாது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் சொன்னது மிகச் சரி. ரைசோபஸ், மியூக்கர், லிக்தீமியா மூன்றும் ஒரே குடும்பத்துச் சொந்தக்காரர்கள். பார்வைக்கு மூன்றும் ரொட்டிமேல் படரும் பஞ்சுதான். ரைசோபஸில் காம்புக்கு நேர் கீழே வேரிழை இருக்கும். லிக்தீமியாவில் வேரிழை உண்டு, ஆனால் காம்புக்கு நேராக இல்லாமல் இடைப்பட்ட இடத்தில் இருக்கும். மியூக்கரில் இருக்கவே இருக்காது. ஆய்வகத்தில் இவற்றைப் பிரித்தறிய முதலில் பார்க்கும் இடமே அதுதான். நான் அழிக்கச் சொன்ன இடமும் அதுதான்.

அதன் பிறகு அவளிடமிருந்து நிறையக் கேட்டுத் தெரிந்துகொண்டேன், கொஞ்சம் படித்தேன். நோய் தரும் பூஞ்சையை அடையாளம் காண ஒருவரை எப்படிப் பழக்குகிறார்கள் என்பதை உங்களிடம் சொன்னால் நம் வகுப்புக்கு உதவும் என்று தோன்றியது.

பூஞ்சையின் பெயர் தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன, மருந்து கொடுக்க வேண்டியதுதானே என்று நினைப்போம். அங்கேதான் சிக்கல். நுரையீரலையும் மூக்கையும் தாக்குவதில் அஸ்பர்ஜில்லஸ் என்று இன்னொரு பூஞ்சை உண்டு. அதற்கு முதலில் கொடுப்பது வோரிகோனசோல். அந்த மருந்து மியூக்கர் குடும்பத்தை ஒன்றும் செய்யாது. அதற்கு ஆம்போடெரிசின் பி வேண்டும், கூடவே கெட்ட திசுவை அறுத்து எடுக்கவும் வேண்டும். வளர்ப்பு ஊடகத்தில் வளர்த்துப் பார்த்துச் சொல்ல நாட்கள் ஆகும். நோயாளிக்கு அவ்வளவு நாள் இல்லை. ஆகவே முதல் பதிலை ஸ்லைடைப் பார்க்கிறவர் அன்றைக்கே சொல்லியாக வேண்டும்.

எப்படிச் சொல்கிறார்? திசுத் துணுக்கில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் சொட்டு விடுகிறார்கள். பத்து முதல் இருபது சதவீதம். அது மனிதத் திசுவைக் கரைத்துத் தெளிவாக்கிவிடும். பூஞ்சையின் சுவரில் கைட்டின் இருப்பதால் அது அப்படியே நிற்கும். நண்டு ஓட்டில் இருக்கும் அதே கைட்டின்தான். காசிமேட்டு மீன் சந்தையைத் தெரிந்த நம் பிள்ளைகளுக்கு இதை நண்டு ஓட்டை வைத்தே சொல்லிவிடலாம். சில ஆய்வகங்களில் கால்கோஃப்ளூர் என்ற சாயமும் சேர்ப்பார்கள். துணிக்கும் தாளுக்கும் பளீர் வெண்மை ஏற்றப் பயன்பட்ட பொருள் அது. புற ஊதா ஒளியில் கைட்டின் நீலவெள்ளையாய் ஒளிரும்.

பிறகு கண் வேலை. மியூக்கர் குடும்பத்து இழை அகலமானது, நாடாவைப் போல மடங்கிப் புரளும், குறுக்குச் சுவர் அநேகமாக இருக்காது, கிளை பெரும்பாலும் செங்கோணத்தில் பிரியும். அஸ்பர்ஜில்லஸ் இழை மெல்லியது, ஒரே சீரான அகலம், குறுக்குச் சுவர்கள் உண்டு, கிளை ஏறக்குறைய 45 பாகையில் கவைபோலப் பிரியும். கணித ஆசிரியர்கள் இங்கே யாரும் இருந்தால் கவனியுங்கள். கோணம் அளக்கக் கற்றுக்கொடுப்பது இப்படியும் ஓர் உயிர்ப் பிரச்சினையில் போய் முடிகிறது.

குறுக்குச் சுவர் இல்லாததால் இன்னொரு விளைவும் உண்டு. சுவர் இல்லாத இழை ஓரிடத்தில் அறுந்தால் உள்ளே இருப்பது ஒழுகி முழு இழையும் செத்துப்போகும். அதனால், மியூக்கர் என்று சந்தேகம் இருந்தால் திசுவை அரைக்கக் கூடாது, சிறு துண்டுகளாக நறுக்கி ஊடகத்தில் வைக்க வேண்டும் என்று சொல்லித் தருகிறார்கள். அரைத்துவிட்டால் ஸ்லைடில் பூஞ்சை தெரியும், வளர்ப்பில் ஒன்றும் வராது. ஃபார்மலினில் போட்டு அனுப்பினாலும் வராது. இதையெல்லாம் "குறிப்புகள்" என்று மனப்பாடம் செய்யலாம். காரணம் தெரிந்தவர் மறக்க மாட்டார். அவளுக்குக் கற்றுக்கொடுத்த மூத்த நுட்பநர் இதைக் கேள்வியாகத்தான் கேட்டாராம்: "ஓட்டைக் குழாயில் தண்ணி நிக்குமா?"

நடுவில் ஒன்று. அந்தப் பூஞ்சை கருப்பே இல்லை. இரத்தக் குழாயை அடைத்துத் திசுவைச் சாகடிக்கிறது, செத்த சதைதான் கருக்கிறது. உண்மையிலேயே கருநிறம் கொண்ட பூஞ்சைகள் வேறு இருக்கின்றன, அவை தரும் நோயும் வேறு. அந்த ஆண்டு நாமும் வகுப்பில் "கருப்புப் பூஞ்சை" என்றுதான் சொன்னோம். திருத்திக்கொள்ளலாம்.

இனி அவளுடைய பயிற்சி. முதல் சில நாட்களுக்குப் பெயரே சொல்லக் கூடாது என்பது அங்கே விதியாம். மூடிய தட்டைக் கையில் கொடுப்பார்கள். வளர்ந்திருப்பது பஞ்சா, வெல்வெட்டா, பொடியா? மேல் நிறம் என்ன? தட்டைத் திருப்பிப் பார்த்தால் அடி நிறம் என்ன? எத்தனை நாளில் இவ்வளவு வளர்ந்தது? இதை எழுதிக் கொடுத்த பிறகுதான் ஸ்லைடு. லாக்டோபீனால் காட்டன் புளூ என்ற நீலச் சாயத்தில் வைத்துப் பார்த்து, பென்சிலால் வரைய வேண்டும். புத்தகம் மூடியிருக்க வேண்டும். வரைந்து முடித்த பிறகுதான் புத்தகத்தைத் திறக்கலாம்.

நான் செய்ததற்கு நேர் எதிர்.

தொடக்கத்தில் எல்லாரும் செய்யும் தவறுகளும் சுவையானவை. பஞ்சு நூலைப் பூஞ்சை இழை என்பார்கள். தோல் சுரண்டலில் செல்களின் ஓரக் கோடுகளை இழை என்பார்கள். மூளைக்காய்ச்சலில் தண்டுவட நீரை எடுத்துக் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சையைத் தேடுவதற்கு இந்தியன் இங்க் பயன்படுத்துகிறார்கள். ஆமாம், நாம் படம் வரைந்த அதே வகைக் கருப்பு மைதான். மை பூஞ்சையின்மேல் ஏறாது. பின்புலம் கருப்பாகும், பூஞ்சையைச் சுற்றியுள்ள தடித்த உறை மட்டும் ஒளிவட்டமாய்த் தெரியும். புதியவர் காற்றுக் குமிழியையும் வெள்ளணுவையும் பார்த்து அதுதான் இது என்பார். காற்றுக் குமிழியை வரைந்து "செல்" என்று பெயர் எழுதாத மாணவரை நம்மில் யாராவது பார்த்திருக்கிறோமா? அங்கே அதற்குத் திட்டுவதில்லை. குமிழி மட்டும் உள்ள ஸ்லைடையும் பூஞ்சை உள்ள ஸ்லைடையும் அருகருகே வைத்து, "வித்தியாசம் எழுது" என்கிறார்களாம்.

இப்போதெல்லாம் எந்திரம் சொல்லிவிடாதா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். பதிலுக்கு அவள் சொன்னது கேண்டிடா ஆரிஸ் கதை. 2009-இல் ஜப்பானில் ஒரு மூதாட்டியின் காதிலிருந்து எடுத்து, புதிய இனம் என்று விவரித்தார்கள். ஆரிஸ் என்றால் இலத்தீனில் காது. சில ஆண்டுகளுக்குள் டெல்லி மருத்துவமனைகளில் இரத்தத்திலேயே கண்டார்கள். வழக்கமாகக் கொடுக்கும் ஃபுளூகோனசோல் பெரும்பாலும் இதனிடம் எடுபடாது. ஆனால் ஆய்வகங்களில் இருந்த தானியங்கி எந்திரங்கள் பலமுறை இதைக் கேண்டிடா ஹெமுலோனி என்றோ வேறு பெயரிலோ காட்டின. எந்திரத்தின் நினைவில் ஆரிஸ் என்ற பெயரே இல்லை. இருக்கிற பெயர்களுக்குள் அருகில் வருவதை அது சொன்னது. சந்தேகப்பட்ட ஒருவர் செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு: வளர்ப்புப் பெட்டியின் வெப்பத்தை 42 பாகைக்கு ஏற்றுவது. ஆரிஸ் வளரும், ஹெமுலோனி வளராது. உலக சுகாதார நிறுவனம் 2022 அக்டோபரில் 19 பூஞ்சை வகைகளைக் கொண்ட முன்னுரிமைப் பட்டியல் வெளியிட்டபோது, மிக ஆபத்தான முதல் வரிசை நான்கில் ஆரிஸும் இருந்தது.

புத்தகத்தில் உள்ள பெயர்களுக்குள்தான் பதில் இருக்க வேண்டும் என்று அந்த எந்திரமும் நினைத்தது, நானும் நினைத்தேன். எந்திரத்துக்காவது புதுப் பட்டியல் ஏற்றிவிட்டார்கள்.

பயிற்சி எங்கே கிடைக்கிறது என்றும் சொல்ல வேண்டும். சண்டிகரில் உள்ள முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் நோய் தரும் பூஞ்சைகளுக்கான தேசியச் சேமிப்பகம் இருக்கிறது. நாட்டின் பல பகுதி ஆய்வகங்களிலிருந்து அங்கே போய்க் கையால் செய்து பழகி வருகிறார்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, ஆய்வகங்களுக்கான வெளித் தர மதிப்பீட்டை நெடுங்காலமாக நடத்திவருகிறது. இத்தகைய மதிப்பீட்டில் பெயர் மறைத்த மாதிரி வரும், ஆய்வகம் கண்டுபிடித்து எழுதி அனுப்ப வேண்டும், பிறகு திருத்தி வரும். நம் தேர்வு மாதிரிதான். ஒரு வேறுபாடு: தவறினால் மதிப்பெண் குறைவதோடு முடிவதில்லை, எங்கே தவறியது என்று தேட வேண்டும்.

இந்தத் துறையில் நம் மண்ணுக்கு ஒரு பழைய உறவும் இருக்கிறது. 1842-இல் மதுரை மருந்தகத்தில் பணிபுரிந்த கில் என்ற மருத்துவர், கால் வீங்கி முண்டு முண்டாகிப் புரைவழியே குருணை வெளியேறும் நோயைப் பதிவு செய்தார். அதனால் "மதுரா பாதம்" என்று பெயர் வந்தது. 1860-இல் பம்பாயில் இருந்த வேண்டைக் கார்ட்டர் அதற்குப் பூஞ்சையைக் காரணம் காட்டி மைசெட்டோமா என்றார். பின்னர் அந்தப் பூஞ்சைப் பேரினத்துக்கு மதுரெல்லா என்றே பெயர் வைத்தார்கள். வெறுங்காலோடு வயலிலும் முள்ளிலும் நடந்தவர்களின் நோய் அது. இதிலும் நுட்பநரின் வேலை நுணுக்கமானது. அந்தக் குருணை சில நோயாளிகளில் பூஞ்சை, சிலரில் பாக்டீரியா. வெளியிலிருந்து பார்த்தால் கால் ஒன்றுபோலத்தான் இருக்கும். மருந்து முற்றிலும் வேறு. குருணையைக் கழுவி, நிறம் பார்த்து, இரண்டு ஸ்லைடுக்கு நடுவில் நசுக்கி, இழை தடிமனா மெல்லிசா என்று பார்த்தால்தான் தெரியும்.

சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் துறையில் பணியாற்றிய சி.வி. சுப்ரமணியனையும் சொல்லாமல் விட மனமில்லை. அவருடைய "ஹைபோமைசீட்ஸ்" நூல் 1971-இல் வெளிவந்தது. பூஞ்சைகளின் கோட்டுப் படங்கள் நிறைந்த தடித்த நூல். பூஞ்சையியல் என்ற படிப்பே வரைந்து வரைந்து வளர்ந்தது என்பதை அதைப் புரட்டினால் உணரலாம்.

நம் ஊருக்கு வருவோம். செங்குன்றம் அரிசி ஆலைகளில் வேலை செய்யும் பெற்றோர் நம்மில் பலருடைய வகுப்புப் பிள்ளைகளுக்கு உண்டு. நெல் தூசும் உமியும் கண்ணில் கீறுவது அவர்களுக்கு அன்றாடம். கருவிழியில் கீறல் விழுந்தால் ஃபுசேரியம் போன்ற பூஞ்சை உள்ளே போகலாம். தமிழ்நாட்டில் கருவிழிப் புண்களில் பூஞ்சையால் வருபவை ஏராளம். அரவிந்த் கண் மருத்துவமனைகளில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வு, இத்தகைய புண்ணுக்கு வோரிகோனசோலைவிட நேட்டமைசின் சொட்டு மருந்து நல்லது, அதிலும் ஃபுசேரியத்துக்கு மிக நல்லது என்று காட்டியது. அதைத் தொடங்க, புண்ணைச் சுரண்டி எடுத்த ஒரு துளியைப் பார்த்து "பூஞ்சை" என்று யாராவது சொல்ல வேண்டும். கண் சிவந்தவுடன் மருந்துக்கடையில் கேட்டு ஸ்டீராய்டு சொட்டு போட்டுக்கொண்டால் புண் வேகமாகப் பரவும். பெற்றோர் கூட்டத்தில் இதை ஒரு வரி சொல்லிவையுங்கள்.

படர்தாமரையும் அப்படித்தான். கடையில் வாங்கும் கலப்புக் களிம்பில் ஸ்டீராய்டு இருந்தால் அரிப்பு அடங்கும், வட்டம் உருமாறும், பூஞ்சை உள்ளே பரவிக்கொண்டே இருக்கும். பிறகு ஆய்வகத்தில் சுரண்டிப் பார்த்தாலும் குழப்பம். உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு இருந்தால் தனியே கூப்பிட்டு, களிம்பு எதுவும் போடாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகச் சொல்லுங்கள். வரிசையில் நிற்க வைத்துச் சொல்ல வேண்டாம். அதையும் நான் செய்திருக்கிறேன்.

வகுப்பில் நாம் என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். நோய்ப் பூஞ்சையை நாம் தொடப்போவதில்லை. தோலிலிருந்தோ நகத்திலிருந்தோ எதையும் எடுத்து வளர்க்கக் கூடாது. ரொட்டிப் பூஞ்சையையும் திறந்த நிலையில் வைத்துப் பார்க்க வேண்டாம், இளைப்பு உள்ள பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். மூடிய கவருக்கு வெளியிலிருந்து கைலென்ஸ் போதும். நுண்ணோக்கிக்கு வாங்கிய நிரந்தர ஸ்லைடு இருக்கிறது. முடிந்ததும் கவரைத் திறக்காமல் அப்புறப்படுத்துங்கள்.

நான் மாற்றிக்கொண்டது சின்ன விஷயம். முதல் நாள் புத்தகம் மூடியிருக்கும். பெயர் எழுதக் கூடாது. நிறம், விளிம்பு, எத்தனையாவது நாள், மேலே என்ன, அடியில் என்ன என்று எழுதி வரைய வேண்டும். இரண்டாம் நாள் புத்தகத்தைத் திறந்து, தன் படத்தில் இருப்பது அங்கே எது, இல்லாதது எது என்று பக்கத்தில் எழுத வேண்டும். பழைய படத்தை அழிக்கக் கூடாது. இதற்கு ஒரு பாடவேளை கூடுதலாகப் போகிறது. பாடத்திட்டத்தை முடிக்க ஓடுகிற நமக்கு அது பெரிய தொகைதான், மறுக்கவில்லை. பதிவேடு பார்க்க வரும் அதிகாரி, "படங்கள் ஏன் ஒன்றுபோல் இல்லை?" என்றும் கேட்கலாம். என்னிடம் ஒருவர் கேட்டார். கவர்களை எடுத்துக் காட்டினேன். லென்சை வாங்கி அவரும் பார்த்தார்.

இவை அந்த ஐந்து கவர்கள். ஒன்பதாம் வகுப்பில் ஐந்து குழுக்கள் ஒரே பாக்கெட் ரொட்டியில் வைத்தவை. மூன்றில் சாம்பல் பஞ்சு. ஒன்றில் பச்சைப் பொடி. ஐந்தாவதில் இரண்டும் இருக்கிறது, ஓரத்தில் மஞ்சளாய் இன்னொன்றும் இருக்கிறது. அதை ஒரு பையன் வரைந்திருக்கிறான். புத்தகத்தில் தேடிப் பார்த்தேன், பொருந்தவில்லை. அவன் படத்தின் கீழே, "நானும் பார்த்தேன். நீ வரைந்ததுபோல்தான் இருக்கிறது" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். கவரின் படத்தை அவளுக்கு அனுப்பியிருக்கிறேன். சனிக்கிழமை விடுப்பாம், பள்ளிக்கு வந்து பையன்களோடு பார்க்கிறேன் என்றாள். அவளுடைய பழைய பதிவேடு இன்னும் வீட்டில் இருக்கிறதாம், அதையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.

நான்கு லென்ஸ் கொண்டுவந்திருக்கிறேன். வரிசையாக வாங்க. கவரை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள்.